இந்த வில்லால் அம்பு எய்ய முடியுமா? சிறுவர் நூல் ஓவியங்கள் பற்றி ஒரு கேள்வி

கரும்புக்காடு (சாட்ஸ்வொர்த்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்காகச் சிறுவர் கதைப் புத்தகம் ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது. இராமன் வில்லை முறித்தது, ஏகலைவன், வல்வில் ஓரி, கடைசியாகக் காலஹாரிப் பாலைநிலத்துச் சான் மக்களின் வேட்டைக் கதை ஒன்று என நான்கு கதைகள். நான்கிலும் வில் வருகிறது. நம் பிள்ளைகள் இந்தத் தென்னாப்பிரிக்க மண்ணில் பிறந்தவர்கள். அவர்களுக்கு இரண்டு பக்கத்து வில்லும் தெரிய வேண்டும் என்று நினைத்தே இவற்றைத் தேர்ந்தெடுத்தோம்.

ஓவியரின் முதல் படிகள் வந்துவிட்டன. கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் பள்ளியில் அம்பெய்தல் பழகும் மாணவன் ஒருவன் படத்தைப் பார்த்த கையோடு, "டீச்சர், இந்த வில்லில் அம்பு போகாது" என்றான். ஏன் என்று கேட்டால், "போகாது, அவ்வளவுதான்" என்கிறான்.

படங்கள் இப்படி இருக்கின்றன. இராமன் நாணைத் தாடைவரை இழுத்திருக்கிறான். வில் பொன்னிறம், நடுவில் கைப்பிடி உள்வாங்கி, இரு முனைகளும் வெளிப்பக்கம் சுருண்டிருக்கின்றன. முறிக்கும் படத்தில் வில்லைத் தலைக்குமேல் தூக்கி இரண்டாக உடைக்கிறான். ஏகலைவன் முதுகில் அம்பறாத்தூணி. ஓரியின் அம்பு ஐந்து விலங்குகளையும் துளைத்து நிற்கிறது. சான் வேட்டைக்காரர் கையில் ஆள் உயர வில், அம்பில் மூன்று இறகுகள்.

எதைத் திருத்தச் சொல்வது, எதை விட்டுவிடுவது? ஒவ்வொரு படத்தையும் மறுபடி வரைய ரேண்ட் கணக்கில் செலவாகும். எங்கள் நிதி என்னவென்று இங்கே பலருக்குத் தெரியும்.

சும்மா பார்ப்பவன் (பீனிக்ஸ்)

மலையைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டுகிற அனுமனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. இராமன் வில்லை மட்டும் அளவுகோலோடு பார்ப்பானேன்? கதைப் புத்தகம்தானே அக்கா, அச்சுக்குக் கொடுத்துவிடுங்கள்.

நாணேற்றி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அனுமன் பறக்கட்டும், தம்பி. அவன் வாயு மகன் என்று கதையே சொல்லிவிடுகிறது. வில் வளையாமலேயே அம்பு பாய்ந்தது என்று எந்தக் கதையும் சொல்லவில்லையே! இராமனின் பெருமையே மற்றவர்களால் வளைக்க முடியாத வில்லை வளைத்தான் என்பதில்தான் இருக்கிறது. அந்த வில்லை வளையாமல் வரைந்துவிட்டால் கதையில் மிச்சம் என்ன?

உங்கள் மாணவன் கண்டது இதுவாகத்தான் இருக்கும். அம்பைத் தள்ளுவது நாண் அல்ல. வளைந்த வில்லின் இரு கைகளும் மீண்டும் நிமிர முயலும் விசை. நாண் அந்த விசையை அம்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அவ்வளவே. நாணை இழுக்க இழுக்க வில்லின் இரு முனைகளும் எய்பவரை நோக்கிப் பின்னால் வரவேண்டும். பெரும்பாலான ஓவியங்களில் வில் ஓய்வில் இருந்த அதே வடிவில் நிற்கும். நாண் மட்டும் இரப்பராக நீண்டு காதுக்குப் போயிருக்கும்.

இதைச் சோதிக்க ஒரு வழி. பக்கவாட்டில் வரைந்த படமாக இருந்தால் தையல் நூல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாண் இழுக்கப்படாத படத்தில் வில்லின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நூலை வைத்து அளந்து வெட்டுங்கள். அதே நூலை, இழுத்த படத்தில் மேல்முனையிலிருந்து விரலுக்கும் விரலிலிருந்து கீழ்முனைக்கும் வைத்துப் பாருங்கள். வில்லின் அளவு இரண்டு படத்திலும் ஒன்றாக இருந்தால் நூல் சரியாகப் பொருந்த வேண்டும். நூல் பற்றவில்லை என்றால் ஓவியர் நாணை இழுத்தாரே தவிர வில்லை வளைக்கவில்லை. முனை சுருண்ட வில்லில் நாண் கொஞ்சம் அந்தச் சுருளின்மேல் படிந்திருந்து, இழுக்கும்போது எழும்பும். அதற்காகச் சிறிது இடம் கொடுக்கலாம். ஆனால் நான் பார்த்த படங்களில் பற்றாக்குறை சிறிது அல்ல, ஒரு முழம்.

அந்தப் பொன்னிற வில்லைப் பற்றியும் ஒரு சொல். நடுவில் கைப்பிடி உள்வாங்கித் தடித்து, கைகள் தனித்தனியாகப் பொருத்தினதுபோல் இருந்தால், அவர் இன்றைய ஒலிம்பிக் வில்லைப் பார்த்து வரைந்திருக்கிறார். அதன் நடுப்பகுதி உலோகம், கைகள் கார்பன் இழை. நான் தினமும் பிடிக்கும் பொருள் அது. நல்ல பொருள்தான், மிதிலைக்குத்தான் பொருந்தாது.

தூரிகை (டர்பன்)

விளம்பரப் படம் வரைவது என் பிழைப்பு. அந்த ஓவியருக்காகக் கொஞ்சம் பேசுகிறேன்.

வில்லாளியை வரைவதில் முதல் தொல்லை முகம். நாணைத் தாடைக்கு இழுத்தால் அது மூக்கையும் உதட்டையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. இராமன் முகத்தில் கோடு விழுந்தால் எந்த வாடிக்கையாளர் ஒப்புக்கொள்வார்? அதனால் நாணை முகத்துக்குப் பின்னால் நழுவவிடுகிறோம், அல்லது கையை மார்பருகே நிறுத்திவிடுகிறோம். படம் பிழைக்கிறது, வில் செத்துவிடுகிறது.

இரண்டாவது தொல்லை அருங்காட்சியகப் படங்கள். கொம்பும் விலங்கின் தசைநாணும் (தசையை எலும்போடு பிணைக்கும் நார்) ஒட்டிச் செய்த பழைய கூட்டு வில்லை நாண் கழற்றி வைத்தால் அது எதிர்ப்பக்கமாக, சில வில்கள் ஏறத்தாழ வட்டமாகவே, சுருண்டுகொள்ளும். கண்ணாடிப் பெட்டிக்குள் அப்படித்தான் இருக்கிறது. அதைப் பார்த்து வரைகிறவர் சுருண்ட வாய்ப்பக்கத்தில் நாணைக் கட்டிவிடுகிறார். உண்மையில் அந்த வளைவை முழுக்க மறுபக்கம் திருப்பித்தான் நாணேற்ற வேண்டும். தலைகீழாக நாண் கட்டிய வில்லை நானே பல அட்டைப் படங்களில் பார்த்திருக்கிறேன்.

நாணேற்றி அண்ணா, முகத்தை மறைக்காமல் முழுதாக இழுத்த வில்லை வரைய வழி உண்டா? இருந்தால் எனக்கும் பயன்படும்.

நாணேற்றி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

உண்டு. நம் இதிகாசங்களில் வீரர்கள் நாணைத் தாடையோடு நிறுத்துவதில்லை, காதுவரை இழுக்கிறார்கள். அப்படியே வரையுங்கள். வில்லாளியின் மார்பு நம்மை நோக்கி இருக்கட்டும், தலை இலக்கை நோக்கித் திரும்பட்டும். கை காதைத் தாண்டும்போது நாண் கன்னத்துக்குப் பின்னால் போய்விடும். கண், மூக்கு, உதடு எல்லாம் தெளிவாகத் தெரியும். தாடையில் நிறுத்துவது இன்றைய போட்டி வழக்கம். அதை இராமன் தலையில் கட்டியதால்தான் உங்களுக்கு இந்தத் தொல்லை.

காதுவரை இழுத்தால் அம்பும் நீளமாக வேண்டும். இழுத்த நிலையில் அம்பின் முனை வில்லுக்கு வெளியே இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வில்லின் உட்பக்கத்தில் முனை நிற்கும் படங்கள் ஏராளம். அந்த நிலையில் விட்டால் அம்பு எய்பவரின் கையில்தான் பாயும்.

மாரிட்ஸ்பர்க் வாத்தியார்

காலத்தை முதலில் முடிவு செய்யுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். "பழைய காலம்" என்று ஒரு காலம் கிடையாது.

அர்த்தசாஸ்திரம் படைக்கலச் சாலையைப் பற்றிச் சொல்லும் இடத்தில் பனை, மூங்கில், மரம், கொம்பு என நான்கு பொருள்களால் ஆன வில்களைக் குறிப்பிடுகிறது. நாணுக்கு மருள் நார், எருக்கு நார், சணல், மூங்கில் நார், விலங்கின் தசைநாண் ஆகியவற்றைச் சொல்கிறது. மருள் என்பது வேறெதுவும் அல்ல. நம் டர்பன் வீட்டு முற்றங்களில் கத்திபோல் நிமிர்ந்து நிற்கும் செடியின் நெருங்கிய உறவு. அந்த இனத்தில் ஒன்று இந்தக் கடற்கரைக்கே சொந்தமானது. பிள்ளைகளுக்கு ஓர் இலையைக் கிழித்து நாரைக் காட்டலாம்.

கிரேக்கர்கள் பார்த்த இந்திய வில் வேறு. அலெக்சாண்டரின் கடற்படைத் தலைவர் நியார்க்கஸ் சொன்னதை ஆரியன் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார்: காலாட்படையினரின் வில் எய்பவரின் உயரமே இருந்தது, அதைத் தரையில் ஊன்றி, இடது காலால் அழுத்திக்கொண்டு நாணை இழுத்தார்கள், அம்பு மூன்று முழத்துக்குச் சற்றே குறைவு. கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரையில் போரஸ் அலெக்சாண்டரோடு மோதியபோது மழையால் தரை வழுக்கியதால் வில்லை ஊன்ற முடியாமல் இந்திய வில்லாளிகள் திணறினார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் கர்ட்டியஸ் எழுதுகிறார். ஆள் உயர வில், சேறு, கால் வழுக்குவது: இதைவிட உயிருள்ள படம் வேண்டுமா? ஆனால் எந்தச் சிறுவர் நூலிலும் இதை நான் கண்டதில்லை. எல்லாரும் முனை சுருண்ட பொன் வில்லையே வரைகிறார்கள்.

இன்னொன்று தட்பவெப்பம். கூட்டு வில் பசையால் ஒட்டப்பட்டது. எய்பவரை நோக்கிய பக்கம் எருமைக் கொம்பு, இலக்கை நோக்கிய பக்கம் தசைநாண் இழை, நடுவில் மரம். ஈரக் காற்று அதற்கு எமன். வடமேற்கின் வறண்ட நிலத்தில் அது செழித்தது. ஈரம் மிகுந்த காடுகளில் மூங்கில் வில்தான் கைகொடுக்கும். ஏகலைவன் வேடர் மகன். அவனுக்கு மூங்கில் வில்லே பொருத்தம். அவன் கையில் அரண்மனைக் கூட்டு வில்லைக் கொடுப்பது அவன் கதையையே கெடுக்கிறது.

கோயில்வீதி (மவுண்ட் எட்ஜ்கோம்ப்)

எல்லாரும் வில்லைப் பேசுகிறீர்கள், யாரும் மூர்த்தியைப் பேசவில்லை. கோதண்டராமனின் வில் போர்க்கருவி மட்டும் அல்ல, அது அடையாளம். சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பாருங்கள். இராமனின் இடக்கை வில்லைப் பிடிக்கும் பாவனையில் உயர்ந்திருக்கும், வலக்கை அம்பைப் பிடிக்கும் பாவனையில் தாழ்ந்திருக்கும். வில்லைத் தனியே செய்து கையில் பொருத்துவார்கள். இன்று அருங்காட்சியகங்களில் இருக்கும் பல திருமேனிகளின் கையில் வில்லே இல்லை. ஆனாலும் பார்த்தவுடன் இராமன் என்று கைகூப்புகிறோம். இழுவிசை எவ்வளவு என்று சிற்பி கணக்குப் போடவில்லை.

எங்கள் கோயில் சுவரில் இருக்கும் இராமனை நீங்கள் சொல்லும் நூலை வைத்து அளந்தால் தேறமாட்டார். அதற்காக அழித்துவிடுவோமா?

மாரிட்ஸ்பர்க் வாத்தியார்

கோயில்வீதி ஐயா, உங்கள் கோயில் சுவரை யாரும் தொடச் சொல்லவில்லை. நின்ற கோலத்தில் வில்லை ஏந்திய இராமனுக்கு நூல் சோதனையே பொருந்தாது; அவர் எய்யவில்லை.

ஆனால் நம் சிற்பிகளுக்கு வில் தெரியாது என்று மட்டும் எண்ண வேண்டாம். மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டு மகிடாசுரமர்த்தினி மண்டபத்தில் சிங்கத்தின்மேல் அமர்ந்து வில்லோடு பாயும் துர்க்கையைப் பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியத்தில் தேர்மேல் நிற்கும் திரிபுராந்தகரைப் பாருங்கள். வில்லைப் பிடித்தவரின் முழு உடலும் அந்தச் செயலில் இருக்கிறது. நம் செங்கம் நடுகற்களில் வீரன் இடக்கையில் வில், வலக்கையில் வாள், உடலில் தைத்த அம்புகளோடு நிற்கிறான். அந்தக் கல்லைச் செதுக்கியவன் வில் புழங்கிய ஊரில் வாழ்ந்தவன். இன்றைய ஓவியர் வாழ்வது வில் புழங்காத ஊரில். பழையதைப் பார்த்து வரைந்தால் பிழை குறையும். இன்னொரு நாள்காட்டிப் படத்தைப் பார்த்து வரைந்தால்தான் பிழை பெருகும்.

சும்மா பார்ப்பவன் (பீனிக்ஸ்)

முதுகில் அம்பறாத்தூணி மாட்டுவது சினிமாக்காரர்கள் கண்டுபிடித்தது என்று எங்கோ படித்தேன். ஏகலைவன் படத்தில் அதையும் சேர்த்துத் தூக்கிவிடலாமே.

மாரிட்ஸ்பர்க் வாத்தியார்

அது ஆங்கில வில்லாளிகளைப் பற்றிய பேச்சு. அவர்கள் அம்பை இடுப்பில் செருகியோ பையில் வைத்தோ கொண்டுபோனார்கள். அதைக் கேட்டுவிட்டு நம்மவர்களும் ஏகலைவன் முதுகிலிருந்து தூணியைக் கழற்ற வேண்டியதில்லை. சாஞ்சிச் சிற்பங்களில் குறுக்குப் பட்டையால் முதுகில் கட்டிய தூணிகள் இருக்கின்றன. முகலாய ஓவியங்களுக்கு வந்தால் தூணி இடுப்புக்கு இறங்கிவிடும். குதிரைமேல் இருப்பவனுக்கு அதுதான் வசதி. முதுகில் தூணியோடு முகலாயக் குதிரைவீரனை வரைந்தால் தவறு. ஏகலைவனுக்குத் தவறில்லை.

தூரிகை (டர்பன்)

ஏகலைவனைப் பற்றியே கேட்கிறேன். கட்டைவிரலைக் கொடுத்தான் என்றால் கட்டைவிரலால்தான் நாணை இழுத்தான் என்று ஆகிறதா? நாங்கள் எப்போதும் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றாலும் இழுப்பதாகவே வரைகிறோம். அப்படி இழுக்கிறவனுக்குக் கட்டைவிரல் போனால் பெரிய நட்டம் இல்லையே.

நாணேற்றி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

சரியான கேள்வி. மூன்று விரலால் இழுப்பது ஐரோப்பிய வழக்கம், இன்றைய போட்டி வழக்கமும் அதுதான். அதில் கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. துரோணர் கேட்டது கட்டைவிரல் என்பதால், அந்தக் கதையைச் சொன்னவர்கள் கட்டைவிரல் இல்லாமல் நன்றாக எய்ய முடியாத ஒரு முறையை மனத்தில் வைத்திருந்தார்கள் என்பது உறுதி. வியாச பாரதமும் இதைத்தான் சொல்கிறது: விரலைக் கொடுத்த பிறகு அவன் மற்ற விரல்களால் எய்தான், முன்பிருந்த வேகம் இல்லை.

அது எந்த முறை என்பதில் இரண்டு வழி உண்டு. நாணைக் கட்டைவிரலால் கொக்கிபோட்டு, சுட்டுவிரலால் அதைப் பூட்டி இழுப்பது ஒன்று. ஆசியாவின் பெரும்பகுதியில் இதுவே வழக்கம், அதற்காகவே கட்டைவிரல் வளையங்கள் செய்தார்கள். அம்பின் வாலையே கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே கிள்ளிப் பிடித்து இழுப்பது மற்றொன்று; எளிய வில்லோடு வேட்டையாடும் மக்களிடம் உலகெங்கும் காணப்படுவது. வேடர் மகனுக்கு இரண்டாவதும் பொருந்தும். எது ஆனாலும் மூன்று விரல் முறை மட்டும் அந்தக் கதைக்கு ஆகாது. மூன்று விரலால் எய்யும் ஏகலைவனை வரைந்துவிட்டு அடுத்த பக்கத்தில் கட்டைவிரலை வெட்டினால், கூர்மையான பிள்ளை கேட்கத்தான் செய்யும்: "போனால் போகட்டும், மற்ற மூன்று விரல் இருக்கிறதே?"

இதில் ஓவியருக்கு இன்னொரு பயனும் உண்டு. வலக்கையால் நாணிழுப்பவன் மூன்று விரலால் இழுத்தால் அம்பு வில்லின் இடப்பக்கம் நிற்கும். கட்டைவிரலால் இழுத்தால் வலப்பக்கம். மார்பு தெரியும்படி வரையும்போது முதல் முறையில் அம்பு வில்லுக்குப் பின்னால் மறைந்து போகும். இரண்டாம் முறையில் அம்பு முழுவதும் வில்லுக்கு முன்னால், பிடித்த கையின் கட்டைவிரல்மேல் கிடக்கும். கட்டைவிரல் வளையத்தையும் வரைந்து அம்பையும் வில்லுக்குப் பின்னால் அனுப்பும் படங்கள் உண்டு. இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது.

இடக்கையால் நாணிழுக்கும் அர்ச்சுனனைக் கண்டால் மட்டும் திருத்த அவசரப்படாதீர்கள். இரு கையாலும் எய்ய வல்லவன் என்றே பாரதம் அவனைச் சொல்கிறது.

கோயில்வீதி (மவுண்ட் எட்ஜ்கோம்ப்)

வில்லை முறிக்கும் படத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. நாண் ஏற்றும்போது முறிந்தது என்றுதான் எங்கள் வீட்டில் கதை சொல்வார்கள். படத்தில் தலைக்குமேல் தூக்கி விறகுபோல் ஒடிப்பது எனக்கும் பிடிக்கவில்லை.

நாணேற்றி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ஐயா, இந்த இடத்தில் நாம் ஒரே கட்சி. கம்பர் அந்தக் கணத்தை எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். வில்லைக் கையால் எடுத்ததைச் சபை கண்டது, முறிந்த ஓசையைக் கேட்டது. நடுவில் நடந்ததை வேகத்தால் யாரும் அறியவில்லை. அந்த நடுவில் நடந்தவை என்று அவர் சொல்பவை இரண்டு: வில்லைத் தாளில் மடுத்தது, நாணை நுனியில் வைத்தது. இன்றும் கனமான வில்லுக்கு நாணேற்றும் வழி அதுதான். கீழ்முனையைக் காலில் கொடுத்து, உடல் எடையால் வளைத்து, நாணின் கண்ணியை மேல்முனையில் மாட்டுவது. சபை காணாததை ஓவியர் வரையலாமே! கால் ஊன்றி, முதுகு வளைந்து, வில்லின் மேல்முனை கீழிறங்கி வருகிற கணம். தலைக்குமேல் தூக்கி உடைப்பதைவிட அதில் பலமும் தெரியும், தொழிலும் தெரியும்.

தூரிகை (டர்பன்)

இது நல்ல படம். காசு வாங்காமலே வரைந்து கொடுக்கலாம்போல் இருக்கிறது.

டோங்காட்டான்

சான் வேட்டைக்காரரிடம் வருகிறேன், ஏனென்றால் நான்கு படங்களில் மிக மோசமானது அதுதான். மற்றவற்றில் காலம் குழம்பியிருக்கிறது. இதில் மனிதர்களே மாறிவிட்டார்கள்.

காலஹாரிச் சான் வில் சிறியது, நீளம் ஒரு மீட்டரை ஒட்டியது. இழுவிசை சுமார் 20 பவுண்டுதான். ஒப்புக்குச் சொன்னால், 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் கப்பலிலிருந்து எடுத்த ஆங்கில வில்கள் 100 பவுண்டுக்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியானால் இந்தச் சின்ன வில்லால் பெரிய மானை எப்படி வீழ்த்துகிறார்கள்? நஞ்சால். டயம்ஃபிடியா என்னும் வண்டின் புழுவை மண்ணிலிருந்து தோண்டியெடுத்து, அதன் சாற்றை அம்பில் பூசுகிறார்கள். பூசும் இடத்தைக் கவனியுங்கள்: கூர்முனையில் அல்ல, முனைக்குப் பின்னால் உள்ள பகுதியில். தவறிக் கையில் குத்தினால் உயிர் போகக்கூடாதே. நஞ்சு மெல்ல ஏறும். அதனால் வேட்டையின் பெரும்பகுதி எய்வது அல்ல, எய்த பிறகு காலடித் தடம் பார்த்து நடப்பது.

அம்பும் ஒரே தண்டு அல்ல. முனை, நடுவே இணைப்புத் துண்டு, நாணல் தண்டு எனப் பகுதி பகுதியானது. விலங்கின் மேல் பட்டதும் தண்டு கழன்று விழும், நஞ்சுள்ள முனை உள்ளேயே தங்கும். பொதுவாக இறகு கிடையாது. கிட்டத்தில் பதுங்கிப் போய் எய்வதால் தேவைப்படுவதில்லை. ஆகவே உங்கள் ஓவியர் வரைந்த ஆள் உயர வில், மூன்று இறகு இரண்டுமே போகவேண்டும். நம் நாட்டின் வடமேற்கில் தூணி மரம் என்றே பெயர் பெற்ற பெரிய கற்றாழை மரம் ஒன்று இருக்கிறது. அதன் கிளையைக் குடைந்து தூணி செய்தார்கள். அதை வரைந்தால் பக்கம் நிறையும்.

எங்கள் ஊர்ப் பெருமையையும் சொல்லிவிடுகிறேன். டோங்காட்டுக்கு அருகே சிபுடு குகை. அங்கே 60,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான அடுக்குகளில் கிடைத்த எலும்பு முனையும் சிறு குவார்ட்ஸ் துண்டுகளும் அம்புமுனைகள் என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். வில் எதுவும் கிடைக்கவில்லை. மரம் அவ்வளவு காலம் தாங்காது. முழுதாகக் கிடைத்த மிகப் பழைய வில்கள் டென்மார்க்கின் ஹோல்மகார்ட் சதுப்பிலிருந்து வந்தவை, ஏறத்தாழ 9,000 ஆண்டுப் பழமை. 2024இல் சிபுடு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நம் தாத்தாக்கள் கரும்பு வெட்டிய வயல்களுக்குப் பக்கத்திலேயே வில்லின் கதை தொடங்கியிருக்கலாம் என்பதைப் புத்தகத்தில் ஒரு வரி சேர்த்தால் என்ன?

சும்மா பார்ப்பவன் (பீனிக்ஸ்)

அப்படியே பக்கத்தில் ஒரு சூலு வீரனையும் வில்லோடு நிறுத்திவிடலாம்.

டோங்காட்டான்

வேண்டாம் தம்பி. சூலுப் படையின் கருவி குத்தீட்டியும் தோல் கேடயமும். 1879இல் இசண்ட்லவானாவில் ஆங்கிலேயரை முறியடித்தபோதும் ஈட்டியும் சில துப்பாக்கிகளும்தான், வில் அல்ல. வெளிநாட்டுப் புத்தகங்களில் ஆப்பிரிக்கர் என்றாலே கையில் வில்லைக் கொடுத்துவிடுவார்கள். நாமும் அதைச் செய்யக்கூடாது.

மட்டுறுத்துநர்

கணினி வரைந்த வில்லாளிப் படங்களை இங்கே தொடர்ந்து ஏற்ற வேண்டாம். இரண்டு பக்கமும் இறகு உள்ள அம்பையும் ஒரே வில்லில் இரண்டு நாண்களையும் எல்லாரும் பார்த்துச் சிரித்தாயிற்று. இந்த உரையாடல் இழை படங்களால் நிறைந்துவிட்டது, அவற்றை நீக்கியிருக்கிறேன்.

கரும்புக்காடு (சாட்ஸ்வொர்த்)

அனைவருக்கும் நன்றி. நூல் சோதனையை வகுப்பிலேயே செய்து பார்த்தோம். இராமன் தேறவில்லை. என் மாணவனுக்கு ஒரே பெருமிதம்.

ஓரியைப் பற்றி மட்டும் இன்னும் குழப்பம். புறநானூறு 152இல் வன்பரணர் பாடியபடி அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி எல்லாம் கடந்து புற்றில் இருந்த உடும்பில் தைக்கிறது. ஓவியர் ஐந்தையும் ஒரே அம்பில் வரைந்துவிட்டார். பிராய் (இறைச்சி சுடும்) அடுப்பில் சோசாட்டி (இறைச்சித் துண்டுகள் கோத்த) கம்பி வைத்ததுபோல் இருக்கிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

நாணேற்றி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அம்பு ஐந்தைத் துளைக்கட்டும், அது புலவர் கொடுத்த உரிமை. ஆனால் யானையும் உடும்பும் ஒரே அம்பில் கோத்து நிற்கப் பாட்டு சொல்லவில்லை. அம்பு ஒவ்வொன்றாகக் கடந்து போகிறது, கடைசியில் உடும்பில் நிற்கிறது. ஆகவே அம்பைப் புற்றருகே வரையுங்கள். விலங்குகள் வந்த வழியில் விழுந்து கிடக்கட்டும். ஓரி படத்தின் ஓரத்தில் சின்னதாக இருக்கட்டும், அவன் கையில் நாண் விட்டு நிமிர்ந்த கனத்த வில். முனைக்கு இரும்பு. ஆதிச்சநல்லூரிலேயே இரும்பு அம்புமுனைகள் கிடைத்திருக்கின்றன, அந்த வடிவைப் பார்த்து வரையலாம்.

கோயில்வீதி (மவுண்ட் எட்ஜ்கோம்ப்)

அப்படியென்றால் அட்டைப் படத்தில் இராமன் வில்லைத் தொடமாட்டீர்கள் அல்லவா?

கரும்புக்காடு (சாட்ஸ்வொர்த்)

இல்லை ஐயா, அட்டையில் நின்ற கோலத்து இராமன் அப்படியே இருப்பார். திருத்தச் சொல்லப்போவது இவை: இராமன் நாணேற்றும் படம் புதிதாக, கால் ஊன்றியபடி, எய்யும் படத்தில் நாண் காதுவரை, முனைகள் பின்னால் வளைந்து, வில்லின் நடுவில் உலோகக் கைப்பிடி இல்லாமல், ஏகலைவனுக்கு மூங்கில் வில், கட்டைவிரல் பிடி, தூணி முதுகிலேயே, சான் பக்கம் முழுதும் புதிது. ஓவியரிடம் பேசிவிட்டேன். சான் பக்கத்துக்கும் நாணேற்றும் படத்துக்கும் மட்டும் காசு கேட்கிறார், மற்றவை திருத்தம் என்று விட்டுவிட்டார். பரவாயில்லை, சமாளித்துக்கொள்வோம்.

ஒன்று பாக்கி. ஏகலைவன் நாயின் வாயை அம்பால் அடைக்கிற படம். பாரதத்தில் ஏழு அம்பு. படத்தில் மூன்றுதான் வரைந்திருக்கிறார், எல்லாம் கூர்முனை. நாய்க்குக் காயம் படவில்லை என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் இப்படி வரைந்தால் சின்னப் பிள்ளைகள் அழுதுவிடுவார்கள்.

நாணேற்றி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

மழுங்கிய தலையுள்ள அம்புகளாக வரையச் சொல்லுங்கள். பறவையைக் கிழிக்காமல் அடித்து வீழ்த்த வேடர்கள் வைத்திருப்பவை. முனையில் உருண்டையான மரக்கட்டை. காட்டில் வாழ்பவன் தூணியில் அவை இருப்பது இயல்பு. ஏழும் வேண்டும், நாய் வாயைக் கொஞ்சம் பெரிதாக வரைந்துகொள்ளட்டும்.

தூரிகை (டர்பன்)

நாயின் வாயில் ஏழு அம்பு, காயம் இல்லாமல், கேலிப்படமாகவும் ஆகாமல். அக்கா, அந்த ஓவியரின் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அந்த ஒரு படத்துக்கு நானும் உட்கார்ந்து உதவுகிறேன்.